பால்மரமும் பங்குத் தரகரும்

மலாக்கா நகரிலிருந்து மேற்கே கடற்கரையை ஒட்டிப் போகும் தெங்கேராவை உங்களில் பலர் அறிவீர்கள். நகரின் காவலுக்குப் போட்டிருந்த வேலியரணைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் ஒன்றே நாளடைவில் தெங்கேரா ஆயிற்று. அங்குள்ள பழைய பள்ளிவாசல் வளாகத்தில் ஜொகூர் சுல்தான் உசேன் ஷாவின் கல்லறை இருக்கிறது. சிங்கப்பூரை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த 1824-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் அவர். 1835-இல் மலாக்காவில் காலமானார். தாளில் இடும் கையெழுத்துக்கு எவ்வளவு கனம் உண்டு என்று வகுப்பில் விளக்க வேண்டி வந்தால் அந்தக் கல்லறையைத்தான் சொல்வேன். இன்றைய உரையும் கையெழுத்தைப் பற்றியதே. ஆனால் இது நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் விரலால் தட்டி இடுகின்ற கையெழுத்து.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று ஆயர் குரோ, பத்து பெரண்டாம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. மாதக் கடைசியில் மிஞ்சும் ஐம்பது நூறு வெள்ளியைக் கொண்டு பங்கு வாங்கலாம் என்று கைப்பேசியே அழைக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விட வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு: “சார், பெரியவன் போன்லயே ஷேர் வாங்குறானாம். அது சூதா, சேமிப்பா? யாரை நம்பி அந்தக் காசைக் கட்டுறான்?” முதல் கேள்விக்கு ஆளுக்கொரு விடை சொல்வார்கள். இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. யாரை நம்பி? இதற்கு விடை தேட வேறெங்கும் போக வேண்டாம். நம் தோட்டங்களின் வரலாற்றிலேயே அது இருக்கிறது.

முதலில் பங்கு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு கம்பெனி தொடங்க ஒரு லட்சம் வெள்ளி வேண்டும் என்று வையுங்கள். அந்த முதலை ஒரு வெள்ளித் துண்டுகளாக்கி ஒரு லட்சம் துண்டு விற்கிறார்கள். நூறு துண்டு வாங்கியவர் அந்தக் கம்பெனியில் ஆயிரத்தில் ஒரு பாகத்துக்கு உடைமைக்காரர். இலாபம் வந்தால் அதற்கேற்றபடி பங்காதாயம் வரும். நட்டம் வந்தால் துண்டின் விலை இறங்கும். துண்டு வேண்டாம் என்றால் வாங்க விரும்பும் வேறொருவரைத் தேட வேண்டும். அப்படி வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்துவைக்கும் இடமே பங்குச் சந்தை. அந்தச் சந்தைக்குள் நீங்களோ நானோ நேரே நுழைய முடியாது. உரிமம் பெற்ற தரகர் வழியாகத்தான் நுழைய வேண்டும். ஊரில் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரைப் பற்றிப் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொழில் அதே தொழில்தான். துண்டுதான் கைப்பேசியாக மாறியிருக்கிறது.

இனி மலாக்காவுக்கு வருவோம். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்ற சீன வணிகர் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வியாபார நோக்கத்தோடு நடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுவே. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி, “ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள்” என்று தோட்ட முதலாளிகளை விடாமல் வற்புறுத்திக்கொண்டிருந்த காலம். மரவள்ளியும் காப்பியும் போட்டுப் பழகியவர்கள் அவரைப் பித்தர் என்று கேலி செய்தனர். தான் சாய் யான் கேலி செய்யவில்லை. புக்கிட் லிந்தாங்கில் சிறிதாகத் தொடங்கியவர், பிறகு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். 1910-ஆம் ஆண்டு வருவதற்கு முன்பே அந்தத் தோட்டம் லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்கு நல்ல விலைக்குப் போய்விட்டது.

அந்த 1910-ஆம் ஆண்டை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். மோட்டார் வண்டிகள் பெருகி, டயருக்கு ரப்பர் போதாமல் போன சமயம். அவ்வாண்டின் முற்பகுதியில் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை பன்னிரண்டு ஷில்லிங்குக்கும் மேலே ஏறியது. நாள்தோறும் புதிது புதிதாக ரப்பர் கம்பெனிகள் முளைத்தன. எளியவரும் வாங்கட்டும் என்று இரண்டு ஷில்லிங் பங்குகளாகவே பல கம்பெனிகள் வெளியிட்டன. லண்டன் குமாஸ்தாக்களும் விதவைகளும் வாங்கினார்கள். மலாயா எங்கே இருக்கிறது, பால்மரம் பால் தர எத்தனை ஆண்டு ஆகும் என்பதெல்லாம் அவர்களில் பலருக்குத் தெரியாது. கன்று நட்டு ஐந்தாறு ஆண்டு கழியாமல் பால் வெட்ட முடியாது என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். தரகர் சொன்னார், வாங்கினார்கள், அவ்வளவுதான்.

இந்த மயக்கம் லண்டனோடு நிற்கவில்லை. சீனாவின் ஷாங்காய் நகரிலும் ரப்பர் கம்பெனிப் பங்குகளுக்கு வெறி பிடித்தது. அங்கிருந்த சீனப் பணக் கடைகள் கடன் வாங்கிப் பங்குகளில் போட்டன. 1910-இன் நடுவில் ரப்பர் விலை சரிந்தபோது அந்தக் கடைகள் அடுத்தடுத்து மூடிக்கொண்டன. அவற்றை நம்பிப் பணம் வைத்திருந்த ஊரே ஆட்டம் கண்டது. இத்தனைக்கும் இங்கே ஒரு மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. பால் வழக்கம்போலவே வடிந்துகொண்டிருந்தது. கம்பெனி நன்றாக இருப்பது வேறு. அதன் பங்கை நமக்கு விற்றவரும், நம் பணத்தை வைத்திருப்பவரும் நன்றாக இருப்பது வேறு. பங்கைப் பற்றிப் பேசும் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதை இன்றும் காண்கிறேன்.

அதே 1910-இல் வில்லியம் சைம், ஹென்றி டார்பி என்ற இருவர் மலாக்காவில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். தோட்டங்களை நிர்வகித்துக் கொடுப்பது அதன் வேலை. சைம் டார்பி என்று பின்னாளில் உலகறிந்த அந்தப் பெயர் பிறந்தது நம் மலாக்காவில்தான் என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். இந்தக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் கடல் கடந்து இருந்தவர்கள். விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, பாசியும் அட்டையும் மிதித்து மரம் வெட்டிய நம் மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் விலை விழுந்தபோது அடி விழுந்தது அவர்கள் மீதுதான். 1932-இல் ரப்பர் விலை ஒரு பவுண்டுக்கு இரண்டு பென்சு அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். பங்கு இல்லாதவனுக்கும் பங்குச் சந்தையின் நட்டத்தில் பங்கு உண்டு!

நம் மக்கள் முதன்முதலாகப் பெருந்தொகையாகப் பங்கு வாங்கியது எப்போது? அதற்கு 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் கசப்போடு சொல்வது இதைத்தான். துண்டானவுடன் வேலை போயிற்று, லயத்து வீடு போயிற்று. பல இடங்களில் பள்ளியும் கோயிலும் கேட்பாரற்று நின்றன. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்குவோம் என்று பேசினார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாள் கூலி சில வெள்ளிகளாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி என்பது சிறு தொகையன்று. ஆனாலும் கட்டினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியதில் தொடங்கி, சங்கத்தின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பெருகின.

இந்தச் சங்கம் நின்றதற்குக் காரணங்கள் பல. எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டிய பணத்துக்கு ரசீது உண்டு. சங்கப் புத்தகத்தில் உறுப்பினரின் சொந்தப் பெயர் உண்டு. வாங்கிய தோட்டம் வரைபடத்தில் உண்டு. பேருந்து ஏறிப் போனால் பார்த்துவிட்டே வரலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தன் பெயருள்ள அட்டையை ட்ரங்குப் பெட்டியில் பிறப்புப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டினாள். கூட்டுறவுப் பங்குக்குச் சந்தை விலை கிடையாது, தரகரும் கிடையாது. நம்பிக்கை வைக்க வேண்டியது சங்கத்தின் மீது மட்டுமே.

இதற்கு நேர் எதிரான வேகத்தை 1981-இல் உலகம் கண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தை திறந்ததும், பெர்மோடாலான் நேஷனல் என்ற நம் நாட்டு முதலீட்டு நிறுவனத்துக்காகத் தரகர்கள் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கத் தொடங்கினார்கள். நான்கு மணி நேரம் முடியுமுன் கம்பெனி மலேசியாவின் கைக்கு வந்துவிட்டது. 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய பழம்பெரும் கம்பெனி அது. அன்று காலை லண்டன் கம்பெனியின் தோட்டத்தில் பிரட்டுக்கு நின்றவர்கள், மறுநாள் காலை அதே இடத்தில், அதே வாளியோடு, மலேசியக் கம்பெனியின் ஆட்களாக நின்றார்கள். தோட்டத்தில் இலைகூட அசையவில்லை. ஒரு நல்ல தரகரின் திறமை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அடுத்து வந்தது மைக்கா ஹோல்டிங்ஸ். இதைப் பற்றிப் பேசும்போது பல வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும். 1980களின் தொடக்கத்தில் ம.இ.கா.வின் முயற்சியால், டத்தோ சாமிவேலு தலைமையில், இந்தியர்களின் பொருளாதாரப் பங்கை உயர்த்த ஏற்படுத்தப்பட்ட கம்பெனி இது. ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி கொடுத்தார்கள். பலர் தோட்டத் தொழிலாளர்கள். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கொடுத்தவர்கள் உண்டு. 1990-இல் டெலிகோம் மலேசியாவின் பங்குகள் வெளியானபோது மைக்காவுக்கென்று ஒரு கோடிப் பங்குகள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் பத்து லட்சம்தான் மைக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி 90 லட்சமும் வேறு மூன்று கம்பெனிகளுக்குச் சென்றன. 1992-இல் இது பெருஞ்சர்ச்சையாக வெடித்தது. விசாரணை நடந்தது; எவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. அந்தச் சர்ச்சையின் உள்ளும் புறமும் இன்றைய உரைக்கு உரியவை அல்ல.

நமக்கு உரியது வேறு. மைக்கா பங்குச் சந்தையில் இடம்பெறவே இல்லை. அதனால் மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் வேண்டிய ஒருவர் அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மலாக்கா நகரத்துத் தரகர் அலுவலகத்துக்குப் போனால், அவர் கையை விரிப்பார். சந்தையில் இல்லாத பங்கை அவர் எங்கே கொண்டுபோய் விற்பார்? 2010-இல் ஜி டீம் என்ற நிறுவனம் பங்குக்கு 80 காசு தருவதாக முன்வந்த பிறகுதான் பலருக்குக் கதவு திறந்தது. பங்கு வாங்கிக் கால் நூற்றாண்டு கழிந்த பின்! வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் மரணப் பத்திரத்தையும் பங்குப் பத்திரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். உள்ளே போகும் வழியைக் காட்டுகிறவர்கள் எப்போதும் நிறையவே இருப்பார்கள். வெளியே வரும் வழி எது என்று அன்று கூட்டத்தில் எழுந்து கேட்டவர் அரிது.

சரி, முறையான சந்தையில், முறையான தரகரிடம் வாங்கினால் கவலையில்லையா? சந்தையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். தரகர்கள் சங்கம் சிங்கப்பூரில் 1930-இல் தோன்றியது. 1960 மே மாதம் மலாயாப் பங்குச் சந்தை பொதுமக்களுக்காக நடக்கத் தொடங்கியது. நாடுகள் இரண்டான பின்னும் சந்தை ஒன்றாகவே இருந்து, 1973-இல்தான் கோலாலம்பூர் வேறு, சிங்கப்பூர் வேறு என்று பிரிந்தது. அக்காலத்தில் தரகர் அலுவலகத்தின் முன்கூடத்தில் விலைப் பலகை இருக்கும். ஓய்வு பெற்றவர்களும் கடைக்காரர்களும் பலகையைப் பார்த்தபடி காலை முதல் மாலை வரை அமர்ந்திருப்பார்கள். தரகர் கம்பெனிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே ரெமிசியர் என்ற ஆள் நிற்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது. நாம் வாங்கினாலும் விற்றாலும் அதில் கமிஷன் உண்டு. ஆகவே நாம் சும்மா இருப்பது அவருக்குப் பிடிக்காது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் அவர் சொல்லும் ஆலோசனையைக் கேட்கும்போது இதை மறக்கக்கூடாது.

1985 இறுதியில் சிங்கப்பூரின் பான் எலக்ட்ரிக் என்ற கம்பெனி நொடித்துப் போயிற்று. அந்தக் கம்பெனியின் பங்குகளைப் பின்னொரு நாளில் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்வதாகப் பல ஒப்பந்தங்கள் போடப்பட்டிருந்தன. அந்தக் கண்ணியில் தரகர் கம்பெனிகளும் மாட்டிக்கொண்டிருந்தன. ஒருவர் விழுந்தால் வரிசையாக எல்லாரும் விழுவார்கள் என்ற நிலை. சிங்கப்பூர், கோலாலம்பூர் என்ற இரு சந்தைகளையும் மூன்று நாள் மூடி வைத்தார்கள். பான் எலக்ட்ரிக் பங்கையே தொடாத எளியவரும் அந்த மூன்று நாளும் தூக்கமின்றிக் கிடந்திருப்பார். ஏனென்றால் அவருடைய தரகர் நிற்பாரா விழுவாரா என்பது அவருக்குத் தெரியாது. 1910-இல் ஷாங்காயில் நடந்ததைச் சற்று முன்பு சொன்னேனே, அதன் மறுபதிப்பு இது.

இதற்குப் பின் விதிகள் இறுகின. 1993-இல் செகுரிட்டி ஆணையம் அமைந்தது. தரகர்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிப்பது அதன் பொறுப்பு. அதே பத்தாண்டுகளில் தாள் பத்திரங்களும் மறைந்தன. ட்ரங்குப் பெட்டிக்குப் பதிலாக மத்திய வைப்பகத்தில் ஒவ்வொருவருக்கும் கணக்கு. சிடிஎஸ் கணக்கு என்பார்கள். பங்கு அங்கே நம் பெயரில் எண்ணாக இருக்கும். தரகர் கடையை மூடினாலும் அந்த எண் அழியாது. வேறொரு தரகர் வழியாக எடுத்துக்கொள்ளலாம். கோலாலம்பூர்ப் பங்குச் சந்தை 2004-இல் பர்சா மலேசியா என்று பெயர் மாறியது.

பெயர் என்று சொன்னேன். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் கைப்பேசித் தரகர்களிடம் கணக்குத் திறக்கும்போது நம் பிள்ளைகள் படிக்காமல் தட்டிவிட்டுப் போகும் இடம் இதுதான். கணக்கு இரண்டு வகை. ஒன்று, சிடிஎஸ் கணக்கு நேரடியாக நம் பெயரிலேயே இருப்பது. மற்றொன்று நாமினி கணக்கு. இதில் பங்கு தரகரின் நாமினி கம்பெனி பெயரில் இருக்கும். அதன் பயன் மட்டும் நமக்கு உரியது என்று தரகரின் புத்தகத்தில் எழுதியிருக்கும். தரகரின் சொந்தச் சொத்தோடு அதைக் கலக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. நாமினி கணக்கில் கட்டணம் பெரும்பாலும் குறைவு, வசதியும் உண்டு. அது மோசடி அன்று. ஆனால் சந்தைப் பதிவேட்டில் நம் பெயர் இராது.

அதனால் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். 1998-இல் என்ன வந்தது என்று பாருங்கள். மலேசியக் கம்பெனிகளின் பங்குகளைச் சிங்கப்பூரில் குளோப் என்ற தனிச் சந்தையில் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்களின் பங்குகள் நாமினி பெயரில் இருந்தன. நாணய நெருக்கடியின்போது, அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில், மலேசியா புதிய விதிகளைக் கொண்டுவந்தது. குளோப் சந்தை மூடப்பட்டது. ஏறத்தாழ 1,72,000 பேரின் பங்குகள் விற்க முடியாதபடி முடங்கின. பெரும்பாலோர் சிங்கப்பூரின் சாதாரண மக்கள். இரு தரப்பும் பேசித் தீர்வு காண 2000-ஆம் ஆண்டாயிற்று. அவர்கள் கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததில் தவறவில்லை. கொடுத்த விலையிலும் தவறவில்லை. தங்கள் பங்கு எந்தப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்பது அவர்களுக்கு அந்த நாள் வரை ஒரு பொருட்டாகப் படவில்லை.

இனிக் கைப்பேசித் தரகருக்கு வருவோம். இணையத்தில் பங்கு வாங்கும் வசதியைப் பல தரகர் கம்பெனிகள் முன்பே கொடுத்திருந்தாலும், கிளை அலுவலகமோ ரெமிசியரோ இல்லாமல் முழுக்க முழுக்க இணையத்திலேயே நடக்கும் முதல் தரகர் இந்நாட்டில் 2017-இல் வந்தது. ஜப்பானின் ராக்குத்தேனும் இங்குள்ள கெனாங்காவும் சேர்ந்து அதைத் தொடங்கின. பிறகு மேலும் சில வந்தன. அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பி, வீட்டில் இருந்தபடியே கணக்குத் திறக்கலாம். தோட்டத்திலிருந்து பேருந்து ஏறி நகரத்துக்குப் போய், முன்கூடத்தில் கைகட்டி நின்று, “என்ன வேணும்?” என்ற கேள்விக்குக் கூனிக் குறுகி விடை சொன்ன நிலை ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் முன்கூடத்தில் ஒரு முகமாவது இருந்தது. இங்கே முகமே இல்லை.

முகம் இல்லாத இடத்தில் முகமூடிகள் வருவது இயல்பு. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பெயர் பெற்ற தரகர் கம்பெனிகளின் சின்னத்தையே போட்டுக்கொண்டு, மாதம் இத்தனை விழுக்காடு உறுதி என்று பணம் கேட்கிறார்கள். இதற்கு ஒரே சோதனை போதும். செகுரிட்டி ஆணையத்தின் உரிமப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; அவர்களே வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தட்டாதீர்கள். ஆணையத்தின் பக்கத்துக்கு நீங்களே போங்கள். உரிமம் பெற்ற தரகர் கம்பெனியின் பெயரில் உள்ள கணக்கில்தான் பணம் கட்டச் சொல்வார். தனி ஆள் பெயரில் கட்டச் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். பங்கின் விலையை உறுதி சொல்ல எந்தத் தரகராலும் முடியாது. அப்படி முடிந்திருந்தால் 1910-இல் லண்டன் விதவைகள் அழுதிருக்க மாட்டார்கள்.

அடுத்தது கட்டணம். இதைக் கணக்குப் பாடமாகவே செய்து பார்ப்போம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மகள் 1,000 வெள்ளிக்குப் பங்கு வாங்குகிறாள். ஒரு தரகர், எவ்வளவு சிறிய வியாபாரமானாலும் குறைந்தது 40 வெள்ளி எடுப்பேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும்போது 40, விற்கும்போது 40. ஆக 80 வெள்ளி. ஆயிரத்துக்கு எண்பது என்றால் நூற்றுக்கு எட்டு. பங்கு எட்டு விழுக்காடு ஏறிய பிறகுதான் போட்ட பணமே திரும்பும். மற்றொரு தரகர் குறைந்தது 8 வெள்ளி என்கிறார். போக வர 16 வெள்ளி. நூற்றுக்கு ஒன்றரையைச் சற்றுத் தாண்டும். பெரிய முதலாளிக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. ஐம்பதும் நூறுமாகச் சேர்ப்பவருக்கு இதுவே எல்லாம். இவற்றோடு முத்திரை வரியும் தீர்வைக் கட்டணமும் தனியே உண்டு. அவை எந்தத் தரகரிடம் போனாலும் ஒன்றுதான். முன்பு ஆயிரம் பங்குகளாக வாங்க வேண்டியிருந்தது. இப்போது நூறு பங்குகளாக வாங்கலாம். எளியவருக்கு வாசல் அகன்றிருக்கிறது, அதற்கேற்பக் கட்டணமும் சுருங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டணமே இல்லை என்று சொல்லும் தரகரும் உண்டு. அவர் எதில் சம்பாதிக்கிறார் என்று கேளுங்கள். அமெரிக்கப் பங்கு வாங்கித் தருவதாகச் சொன்னால் வெள்ளியை டாலராக மாற்றும் விகிதத்தில் எடுப்பார். பணம் கடன் கொடுத்துப் பங்கு வாங்கச் சொன்னால் வட்டியில் எடுப்பார். கடைசியாகச் சொன்னதில் நம் மக்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சந்தை விதிப்படி வாங்கிய பங்குக்கு இரண்டு வேலை நாளில் பணம் தீர்க்கப்பட வேண்டும். அதற்குள் விற்றுவிடலாம் என்ற நினைப்பில், கையில் பணமில்லாமலே வாங்கி விற்பதைக் கோன்ட்ரா என்பார்கள். விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். மளிகைக் கடையில் துண்டு எழுதிச் சாமான் வாங்கி, சம்பள நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் நின்ற குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். இது அதைவிடக் கொடியது. அரிசியாவது வயிற்றுக்குப் போயிற்று.

மேலும் ஒன்று. கணக்குத் திறந்ததும் நூறு வெள்ளி மட்டும் போட்டு, இரண்டு நாள் கழித்து அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை நாளில் வங்கிக்கு வருகிறது, எவ்வளவு பிடிக்கிறார்கள், தொலைபேசியில் அழைத்தால் யாராவது எடுக்கிறார்களா என்றெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். மைக்கா பங்குதாரர்கள் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கண்ட வாசலை நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே பார்த்துவிடலாம். தரகர் கம்பெனி நொடித்தாலோ நம் பணத்தைக் கையாடினாலோ ஈடு கேட்பதற்கு மூலதனச் சந்தை இழப்பீட்டு நிதி என்று ஒன்று உண்டு. அதற்கு வரம்பு உண்டு; பங்கின் விலை இறங்கியதற்கு அது ஒரு காசும் தராது.

இன்னொரு செய்தியையும் சொல்லி முடிக்கிறேன். 1910-இல் மலாக்காவில் பிறந்த சைம் டார்பி, 1821-இல் பிறந்த கத்ரி, இவற்றோடு கோல்டன் ஹோப் ஆகிய மூன்றும் 2007-இல் ஒன்றாயின. 2017-இல் தோட்டப் பிரிவு தனிக் கம்பெனியாகப் பிரிந்து பர்சாவில் இடம்பெற்றது. 2024 முதல் அதன் பெயர் எஸ்டி கத்ரி. வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமம் எனக்கில்லை. ஆனால் பால் வெட்டியவரின் பேத்தி அந்தக் கம்பெனியில் நூறு பங்கு வாங்கி, அது நேரடியாக அவள் பெயரில் சிடிஎஸ் கணக்கில் இருந்தால், ஆண்டுக் கூட்டத்துக்கு அவள் பெயருக்கே அறிவிப்பு வரும். கூட்டத்தில் கேள்வி கேட்கலாம்; தோட்ட வீடுகளைப் பற்றியும் கேட்கலாம். நாமினி கணக்காக இருந்தால், கூட்டத்தில் கலந்துகொள்ள வழி செய்து தரும்படி தரகருக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். எத்தனை நாள் முன்பு எழுத வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டா என்பது தரகருக்குத் தரகர் வேறுபடும். கணக்குத் திறக்கும் படிவத்தைக் கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பார்த்து, இதையும் அவளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.